ரெஜினா இறங்காத மத்தியானம்

ரெஜினாவை முதல் தடவை பொக்லைன் சீட்டில் உட்கார வைத்தது மண் அள்ளுவதற்காக அல்ல, படம் எடுப்பதற்காக.

மெஷினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருந்தார்கள். செயின் தகடுகளில் ஒட்டிக் காய்ந்திருந்த செம்மண்ணைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தார்கள். கேபின் கண்ணாடியில் எலுமிச்சை சோப்பு வாசனை. பக்கெட்டின் பற்களுக்குச் சாமந்தி மாலை. பெங்களூரிலிருந்து வந்திருந்த கேமராக்காரர் ரெஜினாவின் ஹெல்மெட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொன்னார், நெற்றி தெரிய வேண்டுமாம்.

"ரெண்டு கையும் ஜாய்ஸ்டிக் மேல வைங்க மேடம். அப்டியே சிரிங்க."

அவள் சிரித்தாள். என்ஜின் ஓடவில்லை.

"மண் அள்ளற மாதிரி முன்னால பாருங்க."

"மாதிரி இன்னாத்துக்கு? ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, மண்ணே அள்ளிக் காட்றேன்" என்றாள் ரெஜினா.

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் பிரபாகர்தான் அதிகமாகச் சிரித்தார். படம் எடுத்து முடிந்ததும், "எறங்கும்மா, எறங்கு. வேலை கெடக்குது" என்று கையைத் தட்டினார். ரெஜினா இறங்கினாள். புது ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். மண்மேட்டில் சாய்த்து வைத்திருந்த சிவப்புக் கொடியையும் பச்சைக் கொடியையும் எடுத்துக்கொண்டு, டிப்பர்களுக்கு வழிகாட்ட வெயிலுக்குப் போய்விட்டாள்.

சில வாரம் கழித்து, எங்கள் பழைய தங்கச் சுரங்க ஊரின் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் திருப்பத்தில் அந்தப் படம் வீட்டுச் சுவர் அளவுக்குத் தொங்கியது. மெஷின் விற்பவர்கள் கட்டிய பேனர். ‘விரல் அசைத்தால் போதும்! பெண்கள்கூட ஓட்டலாம்!’

அந்த மெஷினின் ஆப்பரேட்டர் நான். ரெஜினா என் மனைவி ஸ்டெல்லாவின் தங்கை. கனரக வண்டி ஓட்ட முறைப்படி பயிற்சி முடித்து, லைசென்ஸ் வாங்கி வந்தவள். அந்த பேனருக்குக் கீழே நின்று அவள் பச்சை மிளகாய் வாங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தாள். மிளகாய்க்காரம்மாவிடம், "கொஞ்சம் காரமா பாத்துப் போடுங்கக்கா" என்றாள். அவ்வளவுதான்.

எனக்குத்தான் அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

என் தோளைத் தின்ற லீவர்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் பழைய மெஷினைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ‘இப்போதுதான் எல்லாம் எலெக்ட்ரானிக் ஆகிவிட்டதே. ஏசி கேபினில் உட்கார்ந்து விரலை ஆட்டுகிறீர்கள். இன்னும் என்ன குறை?’

நேரில் கேட்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு சிரித்திருப்பேன். என் சுபாவம் அப்படி. எழுத்தில் கேட்டதால் எழுத்தில் சொல்கிறேன்.

பழைய மெஷினில் எனக்கு முன்னால் இரும்பு லீவர்கள் வரிசையாக நிற்கும். அவற்றைக் கையால் இழுக்க முடியாது, முதுகால்தான் இழுக்க வேண்டும். குமிழ் வெயிலில் காய்ந்து சுடும். பழைய சாக்ஸ் ஒன்றை அதில் மாட்டிவைத்திருப்பேன். காலுக்கடியில் தகடு அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வு மாரிகுப்பத்தில் என் வீடு வரைக்கும் கூடவே வரும். சாப்பிட உட்கார்ந்தால் டம்ளர் ரசம் சட்டையில் சிந்தும். சட்டைப் பொத்தானை ஸ்டெல்லாதான் கழற்றிவிடுவாள். "உன் கைய மெஷின்லயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். இருந்தாலும் இரவில் அவளே தோளில் தைலம் தேய்ப்பாள்.

டீக்கடையில் சில பழைய ஆட்கள் இருக்கிறார்கள். "லீவர் புடிச்சவன்தாம்பா ஆப்பரேட்டர். இப்ப ஓட்டறவன் வீடியோ கேம் ஆடறவன்" என்பார்கள். எனக்கு அவர்கள்மேலும் கோபம்தான். அந்த லீவர் என் வலது தோளைத் தின்றது. இன்றைக்கும் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்க முடியாது. வலியைப் பெருமை என்று சொல்லிக்கொடுத்தது யார்? வலிக்காதவர்கள்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

ஆமையும் முயலும்

புது மெஷின் வந்த அன்று நான் பயந்தேன். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். கேபினுக்குள் டி.வி. போலத் திரை ஒன்று இருக்கிறது என்றதும், அதில் இங்கிலீஷ் ஓடும், எல்லார் முன்னாலும் முழிக்கப்போகிறேன் என்று நினைத்தேன். கண்ணில் பட்டது ஒரு ஆமைப் படமும் ஒரு முயல் படமும். வேகத் திருகியை ஆமைப் பக்கம் திருப்பினால் மெதுவாக ஓடும், முயல் பக்கம் திருப்பினால் வேகமாக ஓடும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சீட்டின் இரண்டு பக்கமும் கத்திரிக்காய் அளவில் ஜாய்ஸ்டிக். நான் எவ்வளவு சாய்க்கிறேன் என்பதை அது ஒயர் வழியாக மெஷினின் மூளைக்குச் சொல்கிறது. எந்தக் குழாயில் எவ்வளவு எண்ணெயை அனுப்ப வேண்டும் என்று மூளை கணக்குப் போடுகிறது. முன்பு என் தோள் போட்ட கணக்கு அது. இவ்வளவு ஆழம்தான் என்று திரையில் வைத்துவிட்டால், நான் தவறி அழுத்தினாலும் பக்கெட் அதற்குக் கீழே போகாது. சரிவு வெட்டும்போது கோடு போட்டாற்போல் வரும். முதுகுக்குப் பின்னால் யாராவது நடந்தால் கேமராவில் தெரியும்.

முதல் வாரம் வீட்டுக்குப் போய் டம்ளரை நிறைய ரசம் ஊற்றிப் பிடித்துக் காட்டினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஸ்டெல்லா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஆகவே, எலெக்ட்ரானிக்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். என் கோபம் வேறு. என் கைக்கு வந்த சுகத்தை அவர்கள் தங்களுக்கு வந்த சுகமாக எடுத்துக்கொண்டார்கள்.

பழைய மெஷினில் ஷிப்ட் நடுவே இறங்கித் தோளை நீவிக்கொள்ள விடுவார்கள். புதியது வந்ததும் அது போயிற்று. "உக்காந்துதானே இருக்கே, ஏசி வேற" என்றார் பிரபாகர். அடுத்த ஆள் வராவிட்டால் அவன் ஷிப்டையும் என் தலையில் கட்டுவது வழக்கமாயிற்று. கைக்கு வேலை குறைந்தால் கண்ணுக்கும் குறைந்துவிடுமா? மேட்டு விளிம்பு சரியுமா, டிப்பர் டிரைவர் கதவைத் திறந்துகொண்டு இறங்குகிறானா, கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோமே, அதை எந்தத் திரை பார்க்கிறது? மண்ணுக்கு ஏசி தெரியாது. சரிந்தால் சரிந்ததுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மெஷினைக் கிளப்ப ரகசிய எண் போட வேண்டும். அதைப் பிரபாகர் மட்டுமே போடுவார். ஏ.டி.எம். முன்னால் நிற்பவர்போல் இடது கையால் மறைத்துக்கொண்டு வலது கையால் அழுத்துவார். மறைப்பது என்னிடமிருந்து. மெஷினோடு நாள் முழுக்க இருக்கிற என்னிடமிருந்து.

ஒரே வாயில் இரண்டு பேச்சு

ரெஜினா அதற்கு முன்னால் பெங்களூரில் கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியற்காலை ஊரிகம் ஸ்டேஷனில் கூட்டத்தோடு கூட்டமாக ரயிலுக்குள் திணித்துக்கொண்டு போய், ராத்திரி வந்து சேருவாள். அங்கே அவள் ஓட்டியதும் எலெக்ட்ரானிக் தையல் மெஷின்தான். "நூல் அறுந்தா அதுவே நிக்கும் மாமா. உங்க மெஷினும் அதே ஜாதிதான், கொஞ்சம் குண்டு" என்பாள். ஒருநாள் ரயில் போதும் என்று முடிவு செய்து, தானாகவே விசாரித்து, அரசாங்கப் பயிற்சியில் சேர்ந்து, தேறி வந்தாள்.

ஊருக்கு வெளியே புதுச் சாலைக்காக மேட்டை வெட்டுகிற எங்கள் வேலையில் அவளை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டு கையில் கொடியைக் கொடுத்தார்கள்.

வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள்.

"சார், எங்கிட்ட லைசென்ஸ் கீது. சீட்டு எப்ப குடுப்பீங்க?"

"இது ஹெவி மெஷின்மா. பொம்பளை ஒடம்பு தாங்காது."

"பேனர்ல அப்டி போடலயே சார்."

"பேனர் வேற, வேலை வேற."

அதே மனிதர், அதே நாள் மத்தியானம், கண் எரிகிறது, கொஞ்சம் இறங்கட்டுமா என்று நான் கையால் சைகை காட்டினால் சொல்வார்: "என்ன தாஸ்? விரலை ஆட்டற வேலைக்கு ரெஸ்ட்டா? சின்னக் குழந்தைகூட ஓட்டும்யா இதை."

நன்றாகக் கவனியுங்கள். குழந்தை ஓட்டுமாம். வளர்ந்த பெண் ஓட்டமாட்டாளாம். என்னைத் தட்டிவைக்க மெஷின் சுலபமாகிவிடும். அவளைத் தள்ளிவைக்க அதே மெஷின் கஷ்டமாகிவிடும். எத்தனை எலெக்ட்ரானிக் வந்தால் இந்த வாய் சரியாகும்?

எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. என் மெஷினை மத்தியான ஷிப்டில் ஓட்டும் முனிரத்தினம் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னான்: "கேஜ்ல பொம்பள ஏறுனா கயிறு அறும்னு எங்கப்பா சொல்வாரு." கேஜ் என்றால் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டு.

ரெஜினா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "கயிறு இன்னா, மைனையே மூடிட்டாங்க. அதுக்கு எந்தப் பொம்பள ஏறுனா, சொல்லு பாக்கலாம்?"

டிப்பர் டிரைவர் வெங்கடேசுக்குப் புரையேறி டீ மூக்கில் வந்துவிட்டது. முனிரத்தினம் கிளாஸைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போனான்.

பெரியப்பாவின் கை

ஒரு சனிக்கிழமை. காற்று அடித்தால், தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைடு மேட்டின் தூள் கண்ணில் விழுகிற காலம். விடிந்ததிலிருந்து நான் சீட்டில் இருந்தேன். மத்தியானம் முனிரத்தினம் வரவில்லை. சொந்த வேலையாகப் போனவன், திரும்பும்போது ரயில் பங்காருபேட்டையிலேயே நின்றுவிட்டது என்று போன் செய்தான்.

பிரபாகர் கீழே நின்று கத்தினார்: "தாஸ், அவன் வர்ற வரைக்கும் நீயே ஓட்டு. விரல்தானே!"

கண்ணாடிக்கு வெளியே எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது எனக்கு. டிப்பரின் விளிம்பு எது, அதன் நிழல் எது என்று தேட வேண்டியிருந்தது. கீழே, டிப்பருக்கும் மேட்டுக்கும் நடுவே, ரெஜினா கொடியோடு நின்றுகொண்டிருந்தாள். நான் தவறினால் மண் விழப்போவது அவள்மேல்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வராது. வீட்டில் சாம்பாருக்கு உப்பு கேட்கவே யோசிப்பவன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. என் பெரியப்பா மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு ஷாஃப்டில், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் குழியில், வைண்டர் ஓட்டியவர். கேஜை மேலும் கீழும் விடுகிற பெரிய மெஷின் அது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினாலும் அவர் எழுந்திருக்கமாட்டார். அடுத்த ஆள் வந்து, ஓடுகிற மெஷினின் லீவரில் தன் கையை வைத்த பிறகுதான் தன் கையை எடுப்பார். கயிற்றின் மறுமுனையில் ஆட்கள் தொங்குகிறார்கள், கை மாறுகிற நேரத்தில் மெஷின் அநாதையாக இருக்கக் கூடாது என்பார். அதேபோல, யார் கத்தினாலும் திரும்பமாட்டார். ஷாஃப்ட் வாயில் மணி அடிக்கிறவன் ஒருவன் இருப்பான். அவன் மணியை மட்டும் கேட்பார். மேனேஜரே வந்து பின்னால் நின்று கத்தினாலும், மணி சொன்னதைத்தான் அவர் கை செய்யும்.

சுரங்கம் போய்விட்டது. வழக்கம் போகவில்லை. எங்கள் ஊர் ஆப்பரேட்டர்கள் எங்கே வேலை செய்தாலும் ஓடுகிற மெஷினைக் கையிலிருந்து கைக்குத்தான் மாற்றுவோம். கொடி பிடிப்பவரைத் தவிர வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டோம்.

நான் ஹார்ன் அடித்தேன். ரெஜினா நிமிர்ந்தாள். கையால் கூப்பிட்டேன். பக்கெட்டைத் தரையில் ஊன்றினேன். ஜாய்ஸ்டிக் அசையாதபடி பூட்டுகிற கைப்பிடியைத் தூக்கிவிட்டேன். என்ஜினை அணைக்கவில்லை.

அவள் செயின்மேல் கால் வைத்து ஏறி வந்தாள்.

"இன்னா மாமா? ஒடம்புக்கு முடியலயா?"

"உக்காரு."

"ஆப் பண்ணலயா?"

"பண்ணா, அவருதான் நம்பர் போடணும்."

அவள் என்னைப் பார்த்தாள். கீழே பிரபாகரைப் பார்த்தாள். அவளுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஜாய்ஸ்டிக்கில் இருந்த என் கையின்மேல் தன் கையை வைத்தாள். நான் என் கையை உருவிக்கொண்டு இறங்கினேன்.

பச்சைக் கொடி

பிரபாகர் முதலில் சிரித்தார். "என்ன, போட்டோவா?" என்றார். பக்கெட் மண்ணுக்குள் இறங்கியதும் அவர் சிரிப்பு நின்றது.

"யார்யா அவளை ஏத்துனது? எறக்கு!"

ரெஜினா போட்டுப்போன கொடிகள் கீழே கிடந்தன. நான் குனிந்து பச்சைக் கொடியை எடுத்தேன். சிவப்பை என் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டேன். அவள் நின்ற இடத்தில் போய் நின்றேன்.

"தாஸ், சிவப்பைக் காட்டு! நிறுத்தச் சொல்லு!"

நான் பச்சையைக் காட்டினேன். ரெஜினா சுழற்றினாள். முதல் பக்கெட் கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்தது, டிப்பர் குலுங்கியது. இரண்டாவது பக்கெட்டைத் தொட்டிலில் பிள்ளையைப் போடுவதுபோல் போட்டாள்.

சுழல்கிற மெஷின் அருகே யாரும் போகக் கூடாது என்று பலகை எழுதி வைத்ததே பிரபாகர்தான். ஆகவே அவரால் கிட்டே போக முடியவில்லை. தூரத்தில் நின்று கையை ஆட்டினார். ரெஜினா அந்தப் பக்கமே திரும்பவில்லை. என் கொடியை மட்டும் பார்த்தாள்.

அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மெஷினில் கொஞ்ச நேரம் ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் விட்டால், டீசல் மிச்சம் பிடிக்க என்ஜின் தானே அணைந்துவிடும். அணைந்தால் எண் போட வேண்டும். எண் அவரிடம். டிப்பர் வராவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் மெஷின் அணையும். அவர் டிப்பர்களை நிறுத்தினார்.

"யாரும் லோடுக்குப் போகாதீங்க!"

ரெஜினா காத்திருக்கவில்லை. மேட்டின் சரிவைச் சீவ ஆரம்பித்தாள். திரையில் கோட்டை வைத்து, மேலிருந்து கீழே, அவசரமில்லாமல். சீவிய மண்ணை ஓரமாகக் குவித்தாள். குவித்ததை நகர்த்தினாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

பிரபாகர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற டிரைவர்களிடம், "எவ்வளவு நேரம்? பொம்பளை. ஒண்ணுக்குப் போகவாவது எறங்கித்தானே ஆகணும்" என்றார்.

அந்த இடத்தில் பெண்களுக்கென்று ஒரு தகரத் தடுப்புகூடக் கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு, தண்ணீர்கூட அளந்து குடித்து அவள் கொடி பிடித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். கட்டிக்கொடுக்க வேண்டியவர் அவர்தான். கட்டாததையே அவளுக்கு எதிராக வைத்து உட்கார்ந்திருந்தார். என் வாழ்நாளில் ஒரு மனிதரை அடிக்க வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான். கையில் கொடி இருந்ததால் அடிக்கவில்லை. கொடியை ஆட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் வெங்கடேசு டிப்பரைக் கிளப்பினான்.

"ஏய், எங்கடா போற?" என்றார் பிரபாகர்.

"லோடுக்கு சார்."

"போகாதேன்னு சொன்னேன்ல?"

"நான் ட்ரிப்புக்கு வந்தவன் சார், பஞ்சாயத்துக்கு வரல. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினே இருங்க. நான் இன்னைக்கு வூட்டுக்குப் போவணும்."

பெண்ணுக்கு நியாயம் செய்ய அவன் வந்தான் என்று நான் எழுதமாட்டேன். அவனும் அவளைக் கிண்டல் செய்தவன்தான். ட்ரிப் நஷ்டமாகிறதே என்று வந்தான். வந்தது போதும். அவன் பின்வாங்கி வந்து நிற்க, அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசை கட்டினார்கள்.

ஒரு டிப்பர் போய் அடுத்தது வருகிற இடைவெளியில் ரெஜினா ஒரு கையால் ஜாய்ஸ்டிக்கை லேசாக அசைத்துக்கொண்டே, மறு கையால் பாட்டிலை எடுத்து உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள். ஒரு கைக்கு அந்த ஓய்வைக் கொடுத்ததும் எலெக்ட்ரானிக்தான். பழைய லீவராக இருந்தால் முடிந்திருக்காது. ஓட்டுவது யாருடைய ஆள் என்று அந்த மெஷின் கேட்கவில்லை.

வலது பக்கம் பாறை

வெயில் சாய்ந்த பிறகு முனிரத்தினம் ஓடி வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. பிரபாகர் எழுந்து அவனைப் பிடித்துக்கொண்டார்.

"வந்தியா? போ. அவளை எறக்கு. ஆஃப் பண்ணிட்டு நீ ஏறு. நான் வந்து நம்பர் போடறேன்."

அணைத்துவிட்டு ஏறினால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதுவரை அந்த மெஷினில் ஆப்பரேட்டரே இல்லை என்று அர்த்தம். ரெஜினா ஓட்டியது விளையாட்டு என்று ஆகிவிடும்.

முனிரத்தினம் என்னைப் பார்த்தான். பிறகு மேட்டைப் பார்த்தான். அவள் சீவியிருந்த சரிவு நேராக இறங்கியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் கொடியை இறக்கினேன். ரெஜினா பக்கெட்டை ஊன்றினாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் செயின்மேல் ஏறி, கதவைத் திறந்தான்.

உள்ளே எட்டிப் பார்த்து அவன் கேட்டான்: "எந்தப் பக்கம் இன்னா கீது?"

ஷிப்ட் மாறும்போது ஒரு ஆப்பரேட்டர் இன்னொரு ஆப்பரேட்டரிடம் கேட்கிற கேள்வி அது. வேறு யாரிடமும் யாரும் அதைக் கேட்பதில்லை.

"வலது பக்கம் பாறை கீது. மேல தட்டாத, ஓரமா நெம்பி எடு. எடது பக்கம் மண்ணு ஈரம், ஒட்டும்" என்றாள் ரெஜினா.

"சரி, வுடு."

அவன் கை வந்து ஜாய்ஸ்டிக்கில் உட்கார்ந்தது. அவள் தன் கையை எடுத்தாள்.

இறங்கியவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மேட்டுக்குப் பின்னால் இருந்த முட்புதரை நோக்கி வேகமாக நடந்தாள், பிறகு ஓடினாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வெங்கடேசு தன் டிப்பரை நகர்த்தி, அந்தப் பக்கம் மறைவாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பிரபாகரை அப்படி லேசாக நினைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை அவரே அவளுக்கு மத்தியான ஷிப்டைக் கொடுத்தார். உண்மையில் ஆள் தட்டுப்பாடுதான், அதை அவர் சொல்லவில்லை. அவள் ஓட்டும்போது போனில் படம் எடுத்து, பெண்களை முன்னேற்றுவது தன் யோசனை என்று மேலே அனுப்பிவைத்தாராம். தகரத் தடுப்பும் வந்தது, அடுத்த படம் எடுக்க ஆட்கள் வருவதற்கு முதல் நாள். முனிரத்தினத்தைப் பக்கத்து வெட்டில் இன்னொரு மெஷினுக்கு மாற்றினார்கள்.

இப்போது அந்த மெஷினில் காலையில் நான், மத்தியானம் அவள்.

ஒருநாள் காலை ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் ணங்கென்று முன்னால் இடித்தன. சீட்டை முன்னால் தள்ளி, உயரத்தில் ஏற்றி வைத்திருந்தாள். ஏசிக் காற்று நேராக என் மூக்கில் அடித்தது. காலை முழுக்க முழங்கால் வலித்தது. மத்தியானம் அவள் வந்ததும் செயின்மேல் நின்று, ஒரு கையை உள்ளே ஜாய்ஸ்டிக்கில் வைத்தபடியே கத்தினேன். ஆமாம், நான்தான் கத்தினேன். டிப்பர்கள் வரிசையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தன.

"ஏம்மா, எறங்கறப்ப சீட்ட பின்னால தள்ளிட்டு எறங்கணும்னு தெரியாது? மனுசன் ஒக்கார வாணாமா?"

"நீங்க மட்டும் தெனம் எப்டி வுட்டுட்டுப் போறீங்க மாமா? கால் எட்டாம நான் தொங்கிக்கினு கெடக்கறேன். பின்னால தள்ளி, கீழ எறக்கி, ஏதோ பாட்டு கேக்கற சேர் மாதிரி!"

"எனக்கு முட்டி பேந்துபோச்சு!"

"எனக்கு இடுப்பு போச்சு!"

வெங்கடேசு ஹார்னை விடாமல் அழுத்தினான். ஜன்னலில் தலையை நீட்டி எங்கள் இருவரையும் பார்த்துக் கத்தினான்:

"சண்டய கீழ வெச்சுக்கோங்கப்பா! யாராவது ஒரு ஆப்பரேட்டர் மெஷின்ல ஏறுங்க!"

ரெஜினா ஏறினாள்.